சேசிஸில் நேரடி வெல்டிங்: ஜெனரேட்டர் ஃபிரேமைப் பட்டறையிலேயே செய்து ஏற்றலாமா?

ஈரோடு_பட்டறை:
நடமாடும் வெல்டிங் வேலைக்காக எங்கள் சிறிய லாரியில் 400 கிலோ எடையுள்ள ஜெனரேட்டரையும் ஒரு கம்பிரசரையும் நிரந்தரமாகப் பொருத்தப் போகிறோம். பாடி கட்டுபவர்கள் கேட்கும் தொகை கட்டுப்படியாகவில்லை. ஆகவே, 75 மி.மீ. ஸ்கொயர் பைப்பில் நாங்களே ஃபிரேம் அடித்து, அதை லாரியின் அடிச்சட்டமான சேசிஸோடு நேராகப் பற்றவைத்துவிடலாம் என்பது என் கருத்து. பற்றவைப்பதையே தொழிலாகக் கொண்ட நாங்கள் இதை ஏன் இன்னொருவரிடம் கொடுக்க வேண்டும்?

லீஃப்ஸ்பிரிங்:
ஃபிரேமை நீங்களே செய்வதில் எனக்கு மறுப்பில்லை. சேசிஸில் பற்றவைப்பதைத்தான் எதிர்க்கிறேன். உங்கள் கைத்திறன் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், பற்றவைத்த இடத்தை ஒட்டியுள்ள பகுதி சூடேறி ஆறும்போது அங்கே இரும்பின் தன்மை மாறிவிடுகிறது. சேசிஸ் சேனலின் (ஒரு பக்கம் திறந்த C வடிவ நீள இரும்பின்) மேல், கீழ் விளிம்புகள்தான் வளைவின் இழுவிசையிலும் அழுத்தத்திலும் பெரும்பகுதியைத் தாங்குகின்றன என்பதால், விரிசலும் அங்கிருந்தே தொடங்கும். லாரி தயாரிப்பாளர்களின் பாடி கட்டும் வழிகாட்டிகள் அவ்விளிம்புகளில் துளையிடவும் பற்றவைக்கவும் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

ஈரோடு_பட்டறை:
எங்கள் வட்டாரத்தில் எத்தனையோ தண்ணீர் லாரிகள் வெல்டிங் பிடிமானத்தில்தான் ஓடுகின்றன. வெல்டிங் வேண்டாமென்றால், சேசிஸைச் சுற்றி இறுக்கும் U வடிவ யு-போல்ட்தான் மிஞ்சும்; அது உராய்வை மட்டுமே நம்பிப் பிடிப்பது. பிரேக் அடித்தால் நழுவாதா?

லீஃப்ஸ்பிரிங்:
நழுவும். கடும் பிரேக்கில் உங்கள் ஜெனரேட்டர் ஏறக்குறைய 300 கிலோ விசையோடு கேபினை நோக்கித் தள்ளும். அதற்காகத்தான் சேசிஸ் சேனலின் செங்குத்துப் பக்கத்தில் 8.8 தர (உயர்வலிமை) போல்ட்டுகளால் பக்கத் தகடுகளைப் பொருத்த வேண்டும் என்கிறேன். யு-போல்ட் அவற்றுக்குத் துணை மட்டுமே.

அதைவிடப் பெரிய சிக்கல் உங்கள் ஸ்கொயர் பைப்பில் இருக்கிறது. மேடுபள்ளத்தில் ஒரு சக்கரம் ஏறும்போது சேசிஸ் முறுக வேண்டும். திறந்த சேனலால் அது செய்யப்பட்டிருப்பதே அதற்காகத்தான். 75 மி.மீ. சதுரமும் 4 மி.மீ. தடிமனும் கொண்ட பைப்பை நீளவாக்கில் அறுத்துப் பிளந்துவிட்டால், அதன் முறுக்கு விறைப்பு (முறுக்கலை எதிர்க்கும் திறன்) இருநூறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அப்படியானால் பிளக்காத பைப் எவ்வளவு விறைப்பானது என்று பாருங்கள். அதைச் சேசிஸின் மேல் இறுகக் கட்டினால், முறுக்கம் முழுவதும் ஃபிரேம் முடியும் இடத்தில் குவிந்து, அங்கேதான் சேசிஸ் முறியும். ஆகவே கீழே சேனல் போட்டு, ஸ்கொயர் பைப்பை மேலே ஜெனரேட்டரைச் சுற்றி மட்டும் வையுங்கள்.

சாலைவிதி:
சட்டத்தையும் மறக்க வேண்டாம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்புக்கு மாறான மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆர்டிஓவிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஈரோடு_பட்டறை:
ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போய்க் கேட்கிறேன். கீழே சேனல், மேலே ஜெனரேட்டரைச் சுற்றி மட்டும் ஸ்கொயர் பைப் என்பதையும் ஏற்கிறேன். ஆனால் சிலர் சொல்வதுபோல் ஃபிரேமின் எல்லா முனைகளிலும் ரப்பர் வைத்தால் ஜெனரேட்டர் ஆடிக்கொண்டேயிருக்கும், நட்டு கழன்றுவிடும். அதற்கு நான் உடன்பட மாட்டேன்.

லீஃப்ஸ்பிரிங்:
எல்லா முனைகளிலும் வேண்டாம். பின்முனைகளை இறுக்கிவிட்டு, முன்முனை போல்ட்டுகளில் மட்டும் ஸ்பிரிங் போடுங்கள். சேசிஸ் முறுகும்போது ஃபிரேம் சற்றே எழும்பி அமரும். ஃபிரேமின் அடியிலுள்ள சேனலின் முன்நுனியைச் செங்குத்தாக அறுக்காமல் சரிவாக வெட்டுங்கள். எடையைப் பின் அச்சுக்குப் பின்னால் தள்ளினால் முன்சக்கரத்தின் பிடி குறைந்து ஸ்டியரிங் லேசாகிவிடும் என்பதால், ஜெனரேட்டரைக் கேபின் பக்கமாக வையுங்கள்.

ஈரோடு_பட்டறை:
ஸ்பிரிங்கை முன்பக்கம் போட்டுப் பார்க்கிறேன். ஆனால் கேபினை ஒட்டி வைத்தால் ஜெனரேட்டரின் சூட்டுக்காற்று எங்கே போகும்? ஒன்றரை அடி இடைவெளி விடாமல் நான் வைக்கப் போவதில்லை.