சர்வீஸ் கோட்டாவை நம்பி மகளை மலையிலேயே இருக்கச் சொல்லலாமா?

மலையடிவாரம் நர்சம்மா:

எல்லோருக்கும் வணக்கம். ஜவ்வாது மலைப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் மகள் எம்.பி.பி.எஸ். முடித்து, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமான எம்.ஆர்.பி. நடத்தும் தேர்வு எழுதி அரசு வேலைக்கு வந்தாள். இப்போது மலை மேல் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் (பி.எச்.சி.) டாக்டர். மகப்பேறு மருத்துவத்தில் எம்.எஸ். படிக்க வேண்டும் என்பது காலேஜ் நாளிலிருந்தே அவள் எண்ணம். அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு முதுநிலைப் படிப்பில் இடம் ஒதுக்கும் சர்வீஸ் கோட்டா இருக்கிறது, வேலை பார்த்தபடியே முதுநிலை நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி. எழுதிவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் கவுன்சலிங்கில் மலை ஊரைத் தேர்ந்தெடுத்தாள்.

2025 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. முதுநிலை மருத்துவப் படிப்பில் இந்த மாநிலத்தில் குடியிருப்பவர் என்ற காரணத்துக்காக இடம் ஒதுக்குவது செல்லாது என்று. சண்டிகர் அரசு மருத்துவக் கல்லூரி சம்பந்தப்பட்ட வழக்கு அது. அதிலிருந்து எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரே பேச்சுதான். "மாநிலத்துக்கான இடமே போகப் போகுது, சர்வீஸ் கோட்டா மட்டும் எப்படி நிற்கும்? வேலையை விட்டுவிட்டு ஒரு வருஷம் ஹைதராபாத்தில் கோச்சிங் போகச் சொல்லு." மகளும் கலங்கிப் போயிருக்கிறாள். பகலில் ஓ.பி., நடுவில் பள்ளிக்கூட முகாம், ராத்திரி பிரசவ கேஸ். இதற்கிடையில் புத்தகம். அவளோடு படித்தவர்கள் வேலைக்கே போகாமல் முழு நேரமும் படிக்கிறார்கள். அவர்களோடு சரிசமமாக நின்று ரேங்க் வாங்கு என்றால் எப்படி முடியும்?

மகளுக்காக மட்டும் கேட்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் பி.எச்.சி.யில் டாக்டர் பணியிடம் காலியாகக் கிடந்த மாதங்கள் அதிகம். போஸ்டிங் போட்டாலும் சேர்ந்த கையோடு மாறுதல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அப்புறம் ஒரு டாக்டரம்மா வந்தார். சர்வீஸ் கோட்டாவில் பி.ஜி. படிக்கத்தான் மலைக்கு வந்தேன் என்று முதல் நாளே வெளிப்படையாகச் சொன்னார். இருந்த நாள்வரை ஒழுங்காக இருந்தார். பிறகு மகப்பேறு படித்துவிட்டு, நாங்கள் கேஸ் அனுப்பும் தாலுகா ஆஸ்பத்திரிக்கே நிபுணராக வந்து சேர்ந்தார்.

அதன் அருமை எங்களுக்குத்தான் தெரியும். பிரசவம் முடிந்து ரத்தப்போக்கு நிற்காமல் ஒரு பெண்ணை 108-ல் ஏற்றினால், நான் அவருக்குப் போன் போடுவேன். எந்த ஊர் என்று சொன்னால் போதும். அந்த ஊரிலிருந்து வண்டி இறங்க எவ்வளவு நேரம் ஆகும், மழை பெய்தால் எந்த வளைவில் நிற்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ரத்த வகை என்ன என்று கேட்டு, ஏற்பாடு செய்துவிட்டுத் தயாராக இருப்பார். "ஏன் இவ்வளவு லேட்டா கூட்டிட்டு வந்தீங்க" என்று ஒருநாளும் அந்தப் பெண்ணின் வீட்டாரைத் திட்டியதில்லை. கீழேயே பிறந்து, கீழேயே படித்து, நேராக நிபுணராக வருகிறவருக்கு இது எப்படித் தெரியும்?

என் கேள்வி இரண்டு. இந்தத் தீர்ப்பால் சர்வீஸ் கோட்டாவுக்கு ஆபத்து உண்டா? என் மகள் வேலையில் இருந்துகொண்டே படிக்கலாமா, இல்லை உறவுக்காரர்கள் சொல்வதுபோல் விட்டுவிட்டுப் போவதுதான் நல்லதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாலுகா ஓ.ஜி.:

நர்சம்மா, நானும் சர்வீஸ் கோட்டாவில் படித்தவள்தான். இப்போது வேறு மாவட்டத்தில் ஒரு தாலுகா மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவராக இருக்கிறேன். ஓய்வு பெறும்வரை அரசுப் பணியில் இருப்பேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் படித்தோம்.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: அந்தத் தீர்ப்பு சர்வீஸ் கோட்டாவைப் பற்றியது இல்லை. அது குடியிருப்பு அடிப்படையிலான ஒதுக்கீட்டைப் பற்றியது. அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கான ஒதுக்கீட்டுக்குத் தனித் தீர்ப்பு உண்டு. தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் போட்ட வழக்கில், 2020 ஆகஸ்ட் 31 அன்று, ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. இப்படி ஒதுக்கும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு, அதைத் தடுக்கும் அதிகாரம் இந்திய மருத்துவக் கவுன்சிலுக்கு இல்லை என்று. 2025-ல் சொன்னது மூன்று நீதிபதிகள் அமர்வு. ஐவர் அமர்வு சொன்னதை மூவர் அமர்வு மாற்ற முடியாது. ஆகவே இன்றைய நிலவரப்படி கோட்டா நிற்கிறது.

ஆனால் உங்கள் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒருமுறை அது கையைவிட்டுப் போனதை நாங்கள் பார்த்திருக்கிறோம். 2016 ஆகஸ்டில் உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில், முதுநிலைப் பட்டப் படிப்பில் அரசு டாக்டர்களுக்குத் தனி இடம் ஒதுக்க முடியாது, மதிப்பெண்ணில் ஊக்கம் கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டு சென்னை உயர் நீதிமன்றமும் கவுன்சில் விதியைத்தான் பின்பற்ற வேண்டும் என்றது. அந்த விதிப்படி, எளிதில் போக முடியாத பகுதியில் வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 10 சதவீதம் கூடுதல் மதிப்பெண், அதிகபட்சம் 30 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? எந்த ஊர் கடினப் பகுதி, எது இல்லை என்று பட்டியல் போடுவதிலேயே சண்டை வந்துவிட்டது. 2017-ல் டாக்டர்கள் தெருவில் இறங்கினார்கள். சமவெளியில் இருக்கும் ஒரு பி.எச்.சி.யில், தனி ஆளாக, வாரம் முழுக்கப் பிரசவம் பார்த்த டாக்டருக்குப் பயன் மிகக் குறைவு.

கணக்கை எளிதாகச் சொல்கிறேன். அரசுக் கல்லூரிகளில் 100 பி.ஜி. இடம் இருந்தால் 50 அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போய்விடும். மீதி 50 மாநிலத்துக்கு. அதில் பாதி, அதாவது 25, அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு. இந்த 25-ல் சேருகிறவர்கள்தான் படித்து முடித்ததும் தாலுகா, மாவட்ட மருத்துவமனைகளுக்குத் திரும்பி வருகிறார்கள். நடு ராத்திரி சிசேரியனுக்கு மயக்க மருந்து கொடுக்க ஆள் இருக்கிறார் என்றால் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவர்தான்.

2025 தீர்ப்பு தொடுவது மற்ற 25-ஐ. ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்குப் பாதிப்பில்லை என்று தீர்ப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இனிமேல் அந்த இடங்களில் நாட்டின் எந்த மூலையிலிருந்தும் வந்து சேர்ந்துவிட்டு, படித்ததும் ஊருக்குத் திரும்பிவிட்டால், இங்கே இருக்கப்போகும் நிபுணர்கள் யார்? நம் மாநிலத்தின் பணத்தில் கட்டிய கல்லூரிகள் இவை. எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

இரண்டாவது கேள்வி. வேலையை விட வேண்டாம் என்பது என் கருத்து. விட்டால் சர்வீஸ் ஆளாகவே கருத மாட்டார்கள்.

வெளியில் நிற்கும் எம்.பி.பி.எஸ்.:

நர்சம்மா சொன்ன ரத்தப்போக்கு கேஸைப் படித்தபோது நெஞ்சு கனத்தது. ஆனால் எதிர்ப்பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். நான் அரசுக் கல்லூரியில் படித்தவன். முடித்த வருஷம் எம்.ஆர்.பி. அறிவிப்பு வரவில்லை. தனியார் மருத்துவமனையில் டியூட்டி டாக்டராக இருக்கிறேன். எனக்கும் மலைக்குப் போக விருப்பம்தான், வேலை கொடுத்தால். டாக்டர் மேடம் சொன்ன அந்த மற்ற 25 இடத்துக்குத்தான் என்னைப் போன்ற எல்லோரும் முட்டி மோதுகிறோம். அதையும் இப்போது நாடு முழுவதற்கும் திறந்துவிட்டால் நாங்கள் எங்கே போவோம்?

இன்னொன்று. பி.ஜி. ஆசையைக் காட்டி மட்டும் மலைக்கு டாக்டரைக் கொண்டுவருவது போதாது. இடம் கிடைத்த அன்று அவர் இறங்கிவிடுவார், பி.எச்.சி. மறுபடி காலி. காலியாகும் இடத்தை உடனுக்குடன் நிரப்ப வருஷா வருஷம் தேர்வு நடத்த வேண்டும். தங்குவதற்கு ஒழுங்கான குவார்ட்டர்ஸ் வேண்டும். இதைக் கேட்காமல் கோட்டாவை மட்டும் காப்பாற்றினால் பாதி வேலைதான்.

தகுதி குறைந்துவிடும் என்று கோட்டாவை எதிர்ப்பவர்களிடம் நான் ஒன்று கேட்பேன். 2023 செப்டம்பரில் நீட் பி.ஜி. கட்-ஆஃபை எல்லாப் பிரிவுக்கும் பூஜ்ஜியம் பர்சென்டைலுக்குக் குறைத்தது மத்திய சுகாதார அமைச்சகம். தேர்வு எழுதினாலே கவுன்சலிங்குக்கு வரலாம் என்ற நிலை. அன்றைக்குத் தகுதி எங்கே போனது? கோடி ரூபாய் கட்ட முடிந்தவருக்கு ரேங்க் தடையில்லை, மலையில் ஊசி போட்டவருக்கு மட்டும் ரேங்க் கேட்பார்கள். இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

தாலுகா ஓ.ஜி.:

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. பணியிடத்தை நிரப்பாமல் விடுவது எங்களையும் நசுக்குகிறது. ஒரு டாக்டர் படிக்கப் போனால் அவருடைய வேலையும் மிச்சம் இருப்பவர் தலையில்தான். சம்பளமும் அப்படித்தான். அரசு டாக்டர்களின் சம்பள உயர்வு பற்றி 2009-ல் வந்த அரசாணை 354-ஐச் சரியாக நடைமுறைப்படுத்துங்கள் என்றுதான் 2019 அக்டோபரில் வேலைநிறுத்தமே நடந்தது. கோட்டாவும் வேண்டும், சம்பளமும் வேண்டும், புது ஆட்களும் வேண்டும். ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறுக்கக் கூடாது.

ஒரு தகவல் விட்டுவிட்டேன். பி.ஜி.க்கு மேலே இருக்கும் சூப்பர் ஸ்பெஷாலிட்டி படிப்புகளிலும் அரசு டாக்டர்களுக்கு 50 சதவீதம் என்று 2020 நவம்பரில் தமிழ்நாடு அரசு ஆணை போட்டது. அந்த ஆண்டே உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2022 மார்ச்சில்தான் அனுமதி கிடைத்தது. ஆக, எதுவும் நிரந்தரமாகக் கிடைத்துவிட்டது என்று உட்கார்ந்துவிட முடியாது. ஒவ்வொரு முறையும் யாராவது வழக்குப் போடுவார்கள், நாமும் போய் நிற்க வேண்டும்.

பர்கூர் மலைக்காரன்:

அக்கா, டாக்டர் மேடம், வணக்கம். நான் அந்தியூர் பக்கம் பர்கூர் மலையில் விவசாயம் பார்க்கிறேன். இந்தச் சதவீதக் கணக்கு எனக்குப் பழக்கமில்லை. ஆனால் ராத்திரி பாம்பு கடித்தால் பி.எச்.சி.யில் டாக்டர் இருக்கிறாரா என்பதை வைத்துத்தான் எங்கள் உயிர். என் அண்ணன் பையனைப் பாம்பு கடித்தபோது டாக்டர் இருந்தார், விஷமுறிவு மருந்து ஏற்றி அதன் பிறகு கீழே அனுப்பினார். பையன் இப்போது காலேஜ் போகிறான். அந்த டாக்டர் படிக்கப் போய்விட்டார், போகட்டும், நன்றாகப் படிக்கட்டும். அவர் இடத்துக்கு ஆள் வரப் பல மாதம் ஆனது. அந்த மாதங்களில் நாங்கள் பயந்த பயம் கொஞ்சமில்லை.

சென்னையிலும் டெல்லியிலும் முடிவு எடுக்கிறவர்கள் டாக்டர்களைக் கேட்கிறார்கள், வக்கீல்களைக் கேட்கிறார்கள். மலையில் இருக்கும் எங்களை யாரும் கேட்பதில்லை. எங்கே போய்ச் சொல்வது என்றும் எங்களுக்குத் தெரியவில்லை.

மலையடிவாரம் நர்சம்மா:

எல்லோருக்கும் நன்றி. டாக்டரம்மா எழுதியதை மகளிடம் போனில் வாசித்துக் காட்டினேன். வேலையை விடுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டாள். மூன்று பேர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பேர் இருப்பதால் படிக்க நேரமில்லை என்பதுதான் இப்போது அவள் குறை. அதற்குத் தம்பி சொன்னதுபோல் காலியிடத்தை நிரப்பச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

தம்பி, நீங்கள் எம்.ஆர்.பி. அறிவிப்புக்காகக் காத்திருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. உங்களைப் போல மனசு உள்ளவர்கள் மலைக்கு வர வேண்டும். சர்வீஸ் கோட்டாவுக்கு நீங்கள் எதிரி இல்லை என்பதும் புரிந்தது.

பர்கூர் தம்பிக்கு: கிராம சபையில் சொல்லலாம். அக்டோபர் 2 கிராம சபையில் நான் ஒரு தீர்மானம் கொடுக்கப் போகிறேன். மலைப் பகுதி பி.எச்.சி.யில் இருக்கும் டாக்டர் மேற்படிப்புக்குப் போகும் முன்பே மாற்று டாக்டரை நியமிக்க வேண்டும், அரசு டாக்டர்களுக்கான முதுநிலை ஒதுக்கீட்டை மாநில அரசு விட்டுக்கொடுக்கக் கூடாது என்று இரண்டு கோரிக்கை. தீர்மானத்துக்குச் சட்ட பலம் எவ்வளவு என்பதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. மக்கள் கேட்டார்கள் என்பது எழுத்தில் இருக்கட்டும்.

தாலுகா ஓ.ஜி.:

நல்லது நர்சம்மா. மகளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். மலைப் பகுதியில் வேலை பார்த்ததற்கான சான்றை அவ்வப்போது மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளட்டும். விண்ணப்பிக்கும் நேரத்தில் ஓடினால் கையெழுத்துக்கே நாள் போய்விடும். வேறு இடத்துக்கு மாற்றுப் பணியில் அனுப்பினால் அந்த ஆணையின் நகலையும் பத்திரமாக வைக்க வேண்டும். படிப்பில் சந்தேகம் என்றால் எனக்கு இங்கேயே தனிச் செய்தி அனுப்பச் சொல்லுங்கள், ராத்திரி டியூட்டி இல்லாத நாளில் பேசுகிறேன்.

பர்கூர் மலைக்காரன்:

அக்கா, தீர்மானத்தை எழுதி முடித்ததும் இங்கே போடுங்கள். எங்கள் ஊராட்சியிலும் கொடுக்கிறேன்.