ப்ளூஸ் கை, கன்ட்ரி வாசிப்பு: இரண்டு கம்பி பென்ட் சுருதி சேரவே மாட்டேன் என்கிறது

நள்ளிரவுரிஃப்:
வணக்கம். அவசரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ரொம்ப காலமாக ராக், ப்ளூஸ் வாசிக்கிறவன். இப்போது கன்ட்ரி பக்கம் ஆசை வந்திருக்கிறது. ஆனால் எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் ப்ளூஸில்தான் போய் நிற்கிறேன். அதைவிடப் பெரிய தலைவலி, ஒரு கம்பியை அப்படியே பிடித்துக்கொண்டு பக்கத்துக் கம்பியை மட்டும் வளைக்கிற அந்த பெடல் ஸ்டீல் (பெடலை மிதித்துச் சுருதி ஏற்றுகிற கிடைக் கிட்டார்) மாதிரி பென்ட். ஒவ்வொரு முறையும் அபஸ்வரம். ஒற்றைக் கம்பியை வளைத்தால் துல்லியமாக வந்து நிற்கிறது, காதில் குறையில்லை. இரண்டும் சேர்ந்தால் நாராசம். விரல் அழுத்தாத திறந்த கம்பிகளை வைத்து வாசிக்கிற லிக்குகளும் (குட்டி வாசிப்புத் துணுக்குகள்) பேக்கிங் ட்ராக்கோடு ஒட்டவில்லை. எந்தப் பயிற்சி எடுக்கலாம்? சனிக்கிழமை நண்பர்களோடு வாசிக்க வேண்டும்.

ஆறாம்கம்பி:
என்ன கிட்டார்? பிரிட்ஜ் எந்த வகை? கம்பி என்ன கேஜ், அதாவது தடிமன்? ட்யூனிங்?

ஐந்துஸ்வரம்:
கிட்டார் எதுவாக இருந்தால் என்ன. "ப்ளூஸில்தான் போய் நிற்கிறேன்" என்கிறாரே, விடை அங்கேயே இருக்கிறது. மைனர் பென்டடானிக் பெட்டியை (ப்ளூஸின் ஐந்து ஸ்வர ஸ்கேலைக் கழுத்தில் ஒரே இடத்தில் வாசிக்கிற விரல் அமைப்பு) விட்டு வெளியே வரவில்லை. ஏ-யில் வாசிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் ஃப்ரெட்டில் இருக்கிற அதே பெட்டியை மூன்று ஃப்ரெட் இறக்கி இரண்டாம் ஃப்ரெட்டில் வையுங்கள், ஏ மேஜர் பென்டடானிக் வந்துவிடும்: ஏ, பி, சி ஷார்ப், ஈ, எஃப் ஷார்ப். நம் கணக்கில் சொன்னால் சுத்த தன்யாசியை விட்டு மோகனத்துக்கு வாருங்கள். வேலை முடிந்தது.

பழையவால்வு:
வேலை முடிந்ததாம். மாதத்துக்கு ஒருவர் வந்து இதே கேள்வி கேட்கிறார், மாதத்துக்கு ஒருவர் பெட்டியை மூன்று ஃப்ரெட் நகர்த்தச் சொல்கிறார். பழைய இழைகளைத் தேடிப் பார்க்கும் வழக்கம் யாருக்கும் இல்லை. தம்பி, முதலில் கிட்டாரைக் கீழே வையுங்கள். பக் ஓவன்ஸோடு வாசித்த டான் ரிச், மெர்ல் ஹாகர்டோடு வாசித்த ராய் நிக்கல்ஸ், அப்புறம் ஜேம்ஸ் பர்ட்டன். இந்த மூன்று கன்ட்ரி கிட்டாரிஸ்டுகளையும் காது கொடுத்துக் கேட்டதுண்டா? கேட்காமல் ஒரு மொழியைப் பேச ஆசைப்பட்டால் இப்படித்தான் உளறும்.

கட்டைவிரல்:
ஸ்கேல் எல்லாம் அப்புறம். வலது கை என்ன செய்கிறது? பிக்கை மட்டும் வைத்து மேலும் கீழும் அடிக்கிறீர்களா? அப்படியென்றால் எந்த ஸ்கேல் வாசித்தாலும் ராக்தான் வரும். பிக்கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, நடுவிரலும் மோதிர விரலும் மேல் கம்பிகளை இழுக்க வேண்டும். ஹைப்ரிட் பிக்கிங். வருடுவது போல இல்லை. விரலைக் கம்பிக்கு அடியில் கொடுத்து, கிட்டாரிலிருந்து வெளிப்பக்கமாகத் தூக்கி விட வேண்டும், கம்பி திரும்பி வந்து ஃப்ரெட்டில் "டப்" என்று அறையும். அதற்கு முன்னால் பிக் ஒரு செத்த நோட்டை அடிக்கும், அதாவது இடது விரல் கம்பியைத் தொட்டிருக்கும், அழுத்தியிருக்காது. செத்த நோட்டு பிக்கில், உயிருள்ள நோட்டு விரலில். "க்கு-டப், க்கு-டப்" என்று கொக்கரிக்கும். ஒரே நோட்டில் இதை மெதுவாக, மெட்ரோனோமோடு செய்யுங்கள். லிக் எதுவும் வேண்டாம்.

பெடல்பைத்தியம்:
ஆம்ப் செட்டிங் சொல்லவில்லையே? டிஸ்டார்ஷன் போட்டுக்கொண்டு இரண்டு கம்பி வாசித்தால் சுருதி சுத்தமாக இருந்தாலும் நாராசமாகத்தான் கேட்கும். கெயினைக் குறையுங்கள், பிரிட்ஜ் பிக்கப், முன்னால் ஒரு காம்ப்ரஸர், பின்னால் ஸ்லாப்பேக் டிலே: 80 முதல் 120 மில்லிசெகண்டுக்குள், ஒரே ஒரு எதிரொலி. பாதி கன்ட்ரி இந்தக் காம்ப்ரஸரில்தான் இருக்கிறது.

கட்டைவிரல்:
பழகும்போது காம்ப்ரஸர் கூடவே கூடாது. பலமாக இழுத்ததும் மெல்ல இழுத்ததும் ஒன்றாகக் கேட்டால் விரல் எப்படித் தேறும்?

ஆறாம்கம்பி:
ஐந்துஸ்வரம் சொன்னதில் பாதிதான் சரி. மோகனம் என்று முடிவு செய்துகொண்டு பாட்டு முழுக்க ஏ மோகனமே வாசித்தால் அது கன்ட்ரி ஆகாது, இனிப்பான ராக் ஆகும். ப்ளூஸில் கார்டு மாறினாலும் ஒரே பெட்டியில் குந்திக்கொண்டு சமாளிக்கலாம். இங்கே கார்டு மாறினால் ஆதார ஷட்ஜமே இடம் மாறுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். டி கார்டு வந்தால் டி, ஈ, எஃப் ஷார்ப், ஏ, பி. ஈ வந்தால் ஈ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், பி, சி ஷார்ப். ஈ கார்டின் மேல் ஏ நோட்டில் போய் உட்கார்ந்தால் அதன் ஜி ஷார்ப்போடு முட்டிக்கொள்ளும்.

உங்கள் ப்ளூஸ் பழக்கம் வீண் போகாது. ஏ கார்டு ஒலிக்கும்போது சி-யைத் தொட்டு உடனே சி ஷார்ப்புக்கு ஹாமர் செய்யுங்கள், அதாவது மறுபடி அடிக்காமல் இடது விரலால் தட்டி ஏறுங்கள். சாதாரண காந்தாரத்தில் கால் வைத்து அந்தர காந்தாரத்தில் ஏறுவது. ப்ளூஸ்காரர் அந்த சி-யிலேயே நின்று அழுவார். கன்ட்ரிக்காரர் அங்கே நிற்க மாட்டார்.

அந்த பென்ட் விஷயத்துக்கு மட்டும் நான் கேட்ட விவரம் வேண்டும்.

பழையவால்வு:
ஷட்ஜமம் இடம் மாறுகிறதாம். கார்டு டோன் என்று ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லிவிட்டுப் போகலாமே. எதையாவது ராகத்தில் கொண்டுபோய் முடிச்சுப் போடாவிட்டால் இங்கே சிலருக்குத் தூக்கம் வராது.

ஐந்துஸ்வரம்:
புரிகிறவருக்குப் புரிகிற வார்த்தையில் சொல்வதில் என்ன தப்பு சார்?

டெலிதாசன்:
எல்லோரும் சுற்றி வளைக்கிறீர்கள். டெலிகாஸ்டர் கிட்டார் வாங்கச் சொல்லுங்கள். அது இல்லாமல் கன்ட்ரி இல்லை. 1951இலிருந்து அந்தப் பெயரில் வந்துகொண்டிருக்கிறது, இன்றுவரை அதன் பிரிட்ஜ் பிக்கப் கொடுக்கிற அந்தக் கூர்மையை வேறு எதுவும் கொடுத்ததில்லை.

பெடல்பைத்தியம்:
செட் அட்கின்ஸ் வாசித்தது க்ரெட்ஷ் கிட்டார். ஜெர்ரி ரீட் நைலான் கம்பி. இருவரும் கன்ட்ரி இல்லையா?

டெலிதாசன்:
அது வேறு, இது வேறு. அவர் கேட்பது பக் ஓவன்ஸ், ஹாகர்டு வழி வந்த பேக்கர்ஸ்ஃபீல்டு பாணி வளைவுகள்.

பெடல்பைத்தியம்:
அவர் பேக்கர்ஸ்ஃபீல்டு என்று எங்கே சொன்னார்? நீங்களாகச் சேர்த்துக்கொள்கிறீர்கள்.

நள்ளிரவுரிஃப்:
மொபைலில் இருந்து, சுருக்கமாக. ஃப்ளாய்டு ரோஸ் பிரிட்ஜ் உள்ள கிட்டார். 11 கேஜ். ஹாஃப் ஸ்டெப் இறக்கித்தான் எப்போதும் ட்யூன் செய்வேன், ட்ராக்கோடு வாசிக்கும்போது எல்லாவற்றையும் ஒரு ஃப்ரெட் மேலே தள்ளி வாசித்துக்கொள்வேன். இதெல்லாம் முக்கியமா?

ஆறாம்கம்பி:
இதுதான் முக்கியம்! இரண்டு பிரச்சினை, இரண்டுக்கும் உங்கள் விரல் காரணமில்லை.

முதலாவது, திறந்த கம்பி. அழுத்திய நோட்டுகளை ஒரு ஃப்ரெட் தள்ளிவிட்டீர்கள், திறந்த கம்பியை எப்படித் தள்ளுவீர்கள்? அது அரை ஸ்டெப் கீழேயே கிடக்கிறது. ஒன்று, சாதாரண ட்யூனிங்குக்கு வாருங்கள். அல்லது முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கிற கவ்வி) போட்டு, அதைத்தான் நட் (கழுத்தின் முனையில் கம்பிகள் உட்காருகிற கட்டை) என்று நினைத்து வாசியுங்கள்.

இரண்டாவது, பென்ட். உங்கள் ஃப்ளாய்டு ரோஸ் மாதிரி மிதக்கிற பிரிட்ஜ், கம்பிகளின் இழுவிசைக்கும் பின்னால் இருக்கிற ஸ்பிரிங்குகளின் இழுவிசைக்கும் நடுவில் சமநிலையில் நிற்கிறது. ஒரு கம்பியை வளைத்தால் அதன் இழுவிசை கூடும், பிரிட்ஜ் முன்னால் சாயும், மற்ற ஐந்து கம்பிகளும் தளர்ந்து சுருதி இறங்கும். ஒற்றைக் கம்பி பென்டில் இது தெரியாது, காதை நம்பி கொஞ்சம் கூடுதலாக வளைத்துச் சரிசெய்துவிடுவீர்கள். பிடித்துக்கொண்டிருக்கிற கம்பியை யார் சரிசெய்வது?

சோதித்துப் பாருங்கள். ட்யூனரைப் போட்டு, இரண்டாம் கம்பி ஐந்தாம் ஃப்ரெட்டை மட்டும் அடியுங்கள். அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாம் கம்பியை அடிக்காமல் வளையுங்கள். முள் இறங்குகிறதா?

நள்ளிரவுரிஃப்:
அடப்பாவி. சரிகிறது. நன்றாகவே சரிகிறது.

டெலிதாசன்:
நான் என்ன சொன்னேன்? டெலியில் பிரிட்ஜ் அசையவே அசையாது.

ஆறாம்கம்பி:
கிட்டார் வாங்கத் தேவையில்லை. பின்பக்க மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங்குகள் மாட்டியிருக்கிற உலோகக் கட்டை தெரியும். அந்தக் கட்டைக்கும் கழுத்துக்கு எதிர்க்கோடியில் இருக்கிற ஸ்ட்ராப் பட்டன் பக்கத்துச் சுவருக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். எல்லாக் கம்பியும் சுருதியில் இருக்கும்போது அந்த இடைவெளியை அளந்து, அதே தடிமனுக்கு ஒரு மரத்துண்டை இழைத்துச் செருகுங்கள். இறுக்கமாக உட்கார வேண்டும், காற்றுப் போகிற இடம் இருந்தால் பிரிட்ஜ் அந்த அளவு சாயத்தான் செய்யும். பிறகு நட் பூட்டைத் தளர்த்தி மறுபடி ட்யூன். துண்டு இருக்கும்வரை டைவ் பாம் (பிரிட்ஜ் கைப்பிடியை அழுத்திச் சுருதியைச் சரிய விடுவது) கிடையாது. வேண்டும்போது உருவிவிடலாம்.

அப்புறம் 11 கேஜில் இந்த பென்ட் கஷ்டம். ஏ-யில் மூன்றாம் கம்பி நான்காம் ஃப்ரெட் பி. அதை நடுவிரலால், ஆள்காட்டி விரலைப் பின்னால் முட்டுக்கொடுத்து, உங்கள் தலைப்பக்கம் பார்த்துத் தள்ளி முழு டோன் ஏற்ற வேண்டும், சி ஷார்ப் வரும். அதே நேரம் மோதிர விரல் இரண்டாம் கம்பி ஐந்தாம் ஃப்ரெட்டில், சுண்டுவிரல் முதல் கம்பி ஐந்தாம் ஃப்ரெட்டில், ஈயும் ஏ-யும் அசையாமல். வளைவு மேலே வந்து சேரும்போது முழு ஏ மேஜர் கார்டு. ப்ளூஸ்காரர்கள் பழக்கதோஷத்தில் உச்சியில் வைப்ராட்டோ போடுவார்கள். போடாதீர்கள், பெடல் ஸ்டீலில் பெடலை மிதித்தால் நோட்டு ஏறி அசையாமல் நிற்கும், அந்த நிலைதான் வேண்டும். கம்பியை 10 அல்லது 9க்கு இறக்குங்கள். ஜேம்ஸ் பர்ட்டன் மெல்லிய கம்பி கிடைக்காமல் பாஞ்சோ கம்பிகளையே கிட்டாரில் மாட்டியவர்.

பழையவால்வு:
இதற்காகத்தான் கிளாரன்ஸ் வைட்டும் ஜீன் பார்சன்ஸும் 1960களின் கடைசியில் பி-பெண்டரையே உருவாக்கினார்கள். ஸ்ட்ராப்பை இழுத்தால் இரண்டாம் கம்பி மட்டும் ஒரு டோன் ஏறும், விரலுக்கு வேலையே இல்லை. கொஞ்சம் வரலாறு தெரிந்திருந்தால் நல்லது. எப்படியோ, ராக்கில் ஊறிய கை இதற்கு வளையாது. டிஸ்டார்ஷனில் ஒளிந்துகொண்டு வளர்ந்தவர்களுக்குச் சுத்தமான டோன் என்பது கண்ணாடி முன்னால் நிற்பது மாதிரி.

பெடல்பைத்தியம்:
வரலாறு பேசினால் முழுசாகப் பேசுங்கள். 1961இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸ் பாட்டு ஒன்றில் க்ரேடி மார்ட்டின் வாசித்த ஆறு கம்பி பேஸ், பழுதான மிக்ஸிங் கன்சோல் வழியாகப் போய் கரகரத்து வந்தது. அதை அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஃபஸ் என்கிற அந்தக் கரகர ஒலியின் ஆரம்பகாலப் பதிவுகளில் ஒன்று, நாஷ்வில்லில், கன்ட்ரி பாட்டில்.

பழையவால்வு:
ஒரு விபத்தை வைத்து மரபு சொல்ல முடியாது.

கட்டைவிரல்:
ப்ளூஸ் கை இதற்கு வளையாது என்பதை ஏற்க முடியவில்லை. கன்ட்ரிப் பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸ் 1930இல் ப்ளூஸ் பதிவு செய்தபோது பக்கத்தில் ட்ரம்பெட் வாசித்தவர் லூயி ஆம்ஸ்ட்ராங். இன்னொரு கன்ட்ரிப் பாடகர் ஹாங்க் வில்லியம்ஸுக்குச் சிறுவயதில் கிட்டார் சொல்லிக்கொடுத்தவர் ரூஃபஸ் பெய்ன் என்கிற கறுப்பினத் தெருக் கலைஞர். இரண்டும் ஒரே வீட்டில் வளர்ந்தவை.

பழையவால்வு:
ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் ஒரே மாதிரி பேச வேண்டும் என்று சட்டமா?

ஐந்துஸ்வரம்:
கேள்வி கேட்டவர் எங்கே? சனிக்கிழமை போயே போய்விட்டது.

டெலிதாசன்:
டெலி பார்க்கப் போயிருப்பார்.

நள்ளிரவுரிஃப்:
இங்கேதான் இருக்கிறேன். மரத்துண்டு வைத்தாயிற்று, இப்போது முள் நகரவில்லை. 10 கேஜ் மாட்டினேன். கேப்போ போட்டதும் திறந்த கம்பி லிக் சேர்ந்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி. அந்த "டப்" மட்டும் வரவில்லை, நடுவிரல் நகம் பிய்ந்ததுதான் மிச்சம்.

கட்டைவிரல்:
நகத்தால் இழுக்கிறீர்கள், அதுதான். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு விரல் நுனிச் சதையால் தூக்கிப் பாருங்கள், சத்தம் கொஞ்சம் தடித்து வரும், பரவாயில்லை. ஜேம்ஸ் பர்ட்டன் மாதிரி நடுவிரலில் ஒரு ஃபிங்கர்பிக் மாட்டிக்கொள்வதும் வழி, ஆனால் பழக நாளாகும். நிறையத் தூக்கத் தேவையில்லை, கம்பி ஃப்ரெட்டில் பட்டால் போதும். மூன்றாம் கம்பியில் ஆரம்பியுங்கள், முதல் கம்பி விரலிலிருந்து வழுக்கும். ஆம்ப் இல்லாமல் வாசித்துப் பாருங்கள், அப்படியே "டப்" கேட்டால்தான் கணக்கு.