டர்போ போட்ட பழைய மைவி கார் வாங்கலாமா? ஜேபிஜே (மலேசிய சாலைப் போக்குவரத்துத் துறை) விதி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பிறை_தம்பி
வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. பட்டர்வொர்த்தில் ஒருவர் 2009 மைவி 1.3 மேனுவல் விற்கிறார், விலை எனக்குக் கட்டுப்படியாகிற விலைதான், ஆனால் காரில் ஏகப்பட்ட வேலை செய்து வைத்திருக்கிறார். முன் கதவுக் கண்ணாடி இருட்டு, உள்ளே ஆள் இருப்பதே தெரியாது. நம்பர் பிளேட்டில் எழுத்தெல்லாம் சாய்வாக, இடைவெளியில்லாமல் ஒட்டிக் கிடக்கிறது. எக்சாஸ் சத்தம் தெருமுனையிலேயே கேட்கும். பானெட்டைத் திறந்தால் டர்போ! ஹாஃப்கட்டில் (வெளிநாட்டிலிருந்து வெட்டி இறக்கிய பழைய காரில்) எடுத்த கே3-விஇடி இன்ஜின் என்கிறார்.

கேட்டால், "கேஎல்லில்தான் (கோலாலம்பூரில்தான்) கெடுபிடி, பினாங்கில் யாரும் கண்டுக்கமாட்டாங்க" என்கிறார். டர்போவும் 1.3 லிட்டர்தான், ரோட் டேக்ஸ் அதே 70 வெள்ளி, அதனால் கெரானில் (வாகனப் பதிவு அட்டையில்) எதையும் மாற்றத் தேவையில்லை என்றும் சொல்கிறார். எனக்கு இங்கேதான் இடிக்கிறது. முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பயான்பாரு_டின்ட்
தம்பி, நான் டின்ட் (கார் கண்ணாடிக்குக் கறுப்பு பிலிம்) ஒட்டுகிற வேலைதான் செய்கிறேன், அதனால் அதை மட்டும் சொல்கிறேன். 2019 மே மாதத்திலிருந்து விதி இதுதான்: முன் கண்ணாடியில் 70 சதவீத வெளிச்சம் உள்ளே வர வேண்டும், முன் கதவு இரண்டிலும் 50. பின் கதவுக்கும் பின் கண்ணாடிக்கும் கட்டுப்பாடு இல்லை, கறுப்பாகவே ஒட்டிக்கொள்ளலாம்.

பலர் மாட்டுவது எங்கே தெரியுமா? "50 பிலிம்" வாங்கி முன் கதவில் ஒட்டிவிட்டு, விதிப்படிதானே என்று நினைக்கிறார்கள். மீட்டர் பிலிமை மட்டும் அளக்காது, கண்ணாடியையும் சேர்த்துத்தான் அளக்கும். ஒட்டாத கண்ணாடியே 80 சதவீதம்தான் விடுகிறது என்று வையுங்கள், அதன் மேல் 50 பிலிம் போட்டால் கைக்கு வருவது 40. ஃபெயில். கடையில் ஒட்டியபின் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டமாட்டேன் என்றால் வேறு கடை பாருங்கள்.

சுற்றிலும் இருட்டு வேண்டுமென்றால் பாதுகாப்புக் காரணம் காட்டி விண்ணப்பிக்க வழி இருக்கிறது. அந்த 2019 அறிவிப்பின்படி கிடைத்தால் 5,000 வெள்ளி, இரண்டு வருடத்துக்கு. மைவிக்கு யார் கட்டுவார்கள், சொல்லுங்கள்.

பாலத்துக்கு_இந்தப்பக்கம்
"பினாங்கில் கண்டுக்கமாட்டாங்க" என்பதெல்லாம் விற்கிறவர் பேச்சு. சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987 கூட்டரசுச் சட்டம். பெர்லிஸிலும் ஜொகூரிலும் அதே 50 தான், ஜூரு டோலில் நிற்கிற ஜேபிஜே அதிகாரி கையிலும் அதே மீட்டர்தான். மாநிலத்துக்கு மாநிலம் மாறுவது அமெரிக்காவில். என் மச்சான் அங்கே இருக்கிறான், அவன் சொல்லித்தான் தேடிப் பார்த்தேன்: முன் கதவுக்குக் கலிபோர்னியாவில் 70, புளோரிடாவில் 28, டெக்சாஸில் 25. டெக்சாஸில் ஒட்டிய காரை கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்த்தால் பிய்த்துப் போட வேண்டியதுதான். நமக்கு அந்தத் தலைவலி இல்லை. அதே சமயம், ஒளிந்துகொள்ள வேறு மாநிலமும் இல்லை.

நம்பர் பிளேட்டுக்கு எழுத்து உயரம் 70 மில்லிமீட்டர், அகலம் 40, கறுப்பில் வெள்ளை. சாய்வு எழுத்துக்கு ஜேபிஜே போடும் காம்பவுண்ட் (அபராதம்) 300 வெள்ளி. புது பிளேட் அதைவிட எவ்வளவோ மலிவு, வாங்குகிற அன்றே மாற்றிவிடு.

சும்மா_ஓட்டுறவன்
அட, ரொம்பப் பயமுறுத்தாதீங்க லா. என் எக்சாஸும் சத்தம்தான், ரோட் பிளாக்கில் பார்த்துச் சிரித்துவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். நல்ல கார், விட்டுடாதே தம்பி.

போமன்_புக்கிட்மெர்தாஜாம்
சிரித்து அனுப்புவது அன்றைக்கு அவர் மனநிலை, விதி இல்லை. வாகனச் சத்தத்துக்கு 1987லிருந்தே சுற்றுச்சூழல் விதிமுறை இருக்கிறது. ஆனால் எக்சாஸ், டின்ட், பிளேட் மூன்றும் ஒரு மத்தியானத்தில் கழற்றி மாட்டுகிற சமாச்சாரம். இன்ஜின் அப்படி இல்லை தம்பி, அதைக் கவனி.

சிசி (இன்ஜின் கொள்ளளவு) மாறவில்லை, அதனால் ரோட் டேக்ஸ் மாறாது. அவர் சொன்னதில் அந்தப் பாதி சரி. ஆனால் கெரானில் சிசி மட்டுமா இருக்கிறது? இன்ஜின் எண்ணும் இருக்கிறது. பெயர் மாற்ற புஸ்பகோமில் (வாகனச் சோதனை நிலையத்தில்) பி5 சோதனைக்குப் போனால் சேசிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் கெரானோடு ஒப்பிடுவார்கள். ஒத்துப்போகவில்லை என்றால் பெயர் மாறாது. நீ காசு கொடுத்திருப்பாய், கார் உன் வீட்டு வாசலில் நிற்கும், உரிமையாளர் மட்டும் அவராகவே இருப்பார்.

இன்ஜின் மாற்றுவது குற்றம் இல்லை, சொல்லாமல் மாற்றுவதுதான் சிக்கல். ஜேபிஜேயில் அனுமதி வாங்கி, புஸ்பகோமில் காட்டி, கெரானில் எண்ணைத் திருத்த வேண்டும். ஹாஃப்கட் என்றால் கடை ரசீதும் சுங்கத்துறையின் கே1 இறக்குமதி பாரமும் கேட்பார்கள். இதைப் பதிவு உரிமையாளர்தான் செய்ய முடியும், அதாவது இப்போது அவர்தான் செய்யணும்.

நாளைக்குப் போய் இன்ஜின் பிளாக்கில் அடித்த எண்ணைப் பார். எண்ணெய்ப் பிசுக்கு மூடியிருக்கும், துணியில் கொஞ்சம் டீசல் விட்டுத் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் படம் எடு. எழுத்துக்குப் பக்கத்தில் அரம் போட்ட மாதிரி வழவழப்பு தெரிந்தால் ஒன்றும் பேசாமல் வந்துவிடு. அந்தக் கார் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

அப்புறம், பின் பிரேக் இன்னும் பழைய டிரம்தானா என்றும் பார். டர்போ போட்டுவிட்டு பிரேக்கைத் தொடாதவர்கள் நிறைய.

இன்சூரன்ஸ்_அக்கா
போமன் அண்ணன் சொன்னதோடு ஒன்று. பாலிசியிலும் அந்த இன்ஜின் எண் அச்சாகி இருக்கும். புதுப்பிக்கும்போது மாற்றம் உண்டா என்று கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டியது வாடிக்கையாளர் கடமை, 2013 நிதிச் சேவைச் சட்டத்திலேயே இருக்கிறது. டர்போவை மறைத்துவிட்டு மோதினால், கம்பெனி க்ளைமைக் குறைக்கவோ மறுக்கவோ இடம் உண்டு. சம்மன் 300 வெள்ளியோடு போகும். எதிரே இடிபட்டது பிஎம்டபிள்யூ என்றால்?

பிறை_தம்பி
நன்றி அண்ணே, அக்கா. போய்ப் பார்த்தேன். எண் சுத்தமாக இருக்கிறது, அரம் தடம் இல்லை, ஆனால் கெரானோடு ஒத்துப்போகவில்லை. ரசீது இருக்கிறது, கே1 கடையில் கேட்டுப் பார்க்கிறேன் என்கிறார். பழைய இன்ஜின் வீட்டுப் பின்னால் தார்ப்பாயில் சுற்றிக் கிடக்கிறது.

போமன்_புக்கிட்மெர்தாஜாம்
அப்போ வழி இருக்கிறது. கே1 வந்தால் கெரானைத் திருத்தட்டும், வராவிட்டால் பழைய இன்ஜினை ஏற்றித் தரட்டும், கூலி அவர் பொறுப்பு. பி5 பாஸான தாளைக் கையில் கொடுத்த பிறகு முன்பணம். அதற்கு முன்னால் ஒரு சென்னும் வேண்டாம்.

பிறை_தம்பி
சரிண்ணே. அப்படியே அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். நீலக் கோடு விழுந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை.