ஒட்டுண்ணிக்கொல்லியா, ஒட்டுண்ணிநீக்கியா?

அன்புடையீர்,

வளர்ப்பு மீன்களைப் பற்றும் ஒட்டுண்ணிகளுக்கு வேம்பு, பூண்டு, பப்பாளி விதை முதலியவற்றிலிருந்து செய்யும் மருந்துகளைக் குறிக்க 'மூலிகை ஒட்டுண்ணிக்கொல்லி' என்ற சொல் முன்வைக்கப்பட்டுள்ளது. அதன் இரு பகுதிகளையும் என்னால் ஏற்க இயலவில்லை.

'மூலிகை' என்றதுமே அது கெடுதல் செய்யாது என்று எங்கள் கொங்குப் பகுதி விவசாயிகள் நம்பிவிடுகிறார்கள். இலுப்பைப் புண்ணாக்கும் மரத்திலிருந்து வருவதுதான். ஆனால் மீன்குஞ்சு விடுவதற்கு முன் குளத்திலுள்ள வேண்டாத மீன்களைக் கொல்வதற்கே, 1 எக்டர் பரப்பும் 1 மீட்டர் ஆழமும் உள்ள நீருக்கு 2,500 கிலோ வரை அதை இடுகிறோம். அதிலுள்ள சபோனின் என்ற நுரைக்கும் வேதிப்பொருள் மீனின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். ஆகவே, நலம் தரும் என்ற சாயல் இல்லாத 'தாவரம்' என்ற சொல்லே பொருந்தும். ஆனால் 'தாவர ஒட்டுண்ணி நீக்கி' என்று எழுதினால், மாமரத்தில் ஒட்டி வளரும் புல்லுருவிச் செடிக்கான மருந்து என்றும் பொருள் கொள்ள இடமுண்டு. 'தாவரவழி' என்றால் இந்த மயக்கம் தீரும்.

இனி 'கொல்லி'. மீனின் உடலில் ஒட்டி வாழும் சிறு ஒட்டுண்ணியான மீன் பேன் வளரும்போது பலமுறை தோலுரிக்கும். வேம்பிலுள்ள அசாடிராக்டின் என்ற வேதிப்பொருள் அந்தத் தோலுரிப்பைக் குலைப்பது. இப்படி வளர்ச்சியைத் தடுத்து மெல்ல வேலை செய்யும் பொருளுக்குக் 'கொல்லி' என்று பெயரிட்டால், ஊற்றிய மறுநாளே பேன் சாகவில்லை என்று அளவை இரட்டிப்பாக்கும் ஆபத்து உண்டு.

இயற்கை விவசாயிகளிடம் வழங்கும் 'விரட்டி' எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு பண்ணைக்குட்டைக் கரையில் அதைச் சொன்னபோது, குட்டைக்காரர் ஈரத்துணியில் கட்லா மீன் ஒன்றை ஏந்தியபடி, "வெரட்டுனா எங்கீங்க போகும்? குட்டைக்குள்ளதானுங்க இருக்கும்" என்றார். துடுப்படியில் செந்தடிப்பின் மேல் பருப்பளவில், கண்ணாடி போன்ற தட்டை உடலோடு ஒட்டியிருந்த பேனை நகத்தால் நெம்பிக் குவளை நீரில் விட்டார். அது உடனே சுழன்று நீந்தத் தொடங்கியது. ஒரு மீனை விட்டு மற்றொரு மீனுக்கு நீந்திச் செல்லக்கூடிய உயிரியை 'விரட்டுவது' என்பது பொருளற்றது என்பதை அன்று கண்ணால் கண்டேன்.

'நீக்கி' என்பதற்கு நமக்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. கால்நடை மருத்துவமனைகளில் 'குடற்புழு நீக்கம்' என்ற சொல் வேரூன்றி, ஆடுமாடு வளர்ப்போர் எல்லோரும் அதைத் தயக்கமின்றிச் சொல்கிறார்கள். புழு செத்து வெளியேறினாலும் உயிரோடு வெளியேறினாலும் அச்சொல் பொய்யாவதில்லை. ஆகவே 'தாவரவழி ஒட்டுண்ணிநீக்கி' என்பதே என் முன்மொழிவு.

ஒரு குறையும் இதில் உண்டு. மீன் பேன் முட்டையிடுவது மீனின் மேல் அன்று. கல்லிலும் குட்டையில் ஊன்றிய மூங்கிலிலும் வரிசை வரிசையாக இட்டுவைக்கிறது. மூங்கிலைப் பிடுங்கி வெயிலில் காயப்போடும் வேலை இச்சொல்லுக்குள் அடங்காது. அதற்கு 'முட்டையகற்றல்' என்று தனிச்சொல் வைத்துக்கொள்ளலாம். புட்டியின் மேல் நீண்ட சொல்லுக்கு இடமில்லை என்றால், பேனுக்கு மட்டும் தரும் மருந்தைப் 'பேன்நீக்கி' என்று சுருக்கி அச்சிடுவதில் எனக்கு மறுப்பில்லை.