டெம்ப்ளேட்டுக்கு ‘வார்ப்புரு’ போதுமா? (எக்ஸ்எஸ்எல்டி)

அனைவருக்கும் வணக்கம்.

ஞாயிறு வகுப்புக்கு எக்ஸ்எஸ்எல்டி (XSLT, எக்ஸ்எம்எல் கோப்பை வேறு வடிவுக்கு மாற்றும் மொழி) பாடம் எழுதிக்கொண்டிருக்கிறேன். டெம்ப்ளேட் என்று வரும் இடத்திலெல்லாம் விக்கிப்பீடியாவில் புழங்கும் ‘வார்ப்புரு’வையே போட்டேன். பிள்ளைகளோ அதை வெற்றிடம் விட்ட விண்ணப்பப் படிவம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வேறு நல்ல சொல் உண்டா?

— அல்சூரிலிருந்து

*

அக்கா,

பிள்ளைகள் மேல் தப்பில்லை. வார்ப்புரு என்றால் அச்சு என்றுதான் யாருக்கும் தோன்றும். எக்ஸ்எஸ்எல்டியில் இருப்பது ‘இந்தக் கணுவை (நோட், கோப்பின் ஒரு பகுதி) கண்டால் இப்படிச் செய்’ என்ற கட்டளை. 1999 நவம்பரில் வந்த எக்ஸ்எஸ்எல்டி 1.0 பரிந்துரையே, எந்தக் கணுவுக்குப் பொருந்தும் என்று சொல்லும் ‘மேட்ச்’ உள்ளதை ‘டெம்ப்ளேட் ரூல்’ என்கிறது. ஆகவே சொல்லுக்குள் ‘விதி’ வந்தாக வேண்டும்.

நம் மின்னூல் கோப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அச்சுப் பதிப்பின் பக்க எண் வேண்டாம். ‘அடிக்குறிப்பு’ என்ற உறுப்பின் (எலிமெண்ட்) பெயர் ‘குறிப்பு’ என்று மாற வேண்டும். ஒவ்வொரு இயலுக்கும் ஒரு தலைப்பு சேர வேண்டும். மற்றதெல்லாம் உள்ளது உள்ளபடி. இதற்கு முதலில், எந்தக் கணுவையும் பண்பையும் (ஆட்ரிபியூட்) அப்படியே படியெடுத்துக்கொண்டு உள்ளே இறங்கும் ஒரு டெம்ப்ளேட் எழுதுகிறோம். அதை விட்டுவிட்டால் உள்ளமைந்த விதிகள் புகுந்து, குறிகளையெல்லாம் உதிர்த்து வெறும் எழுத்தை மட்டும் கொட்டும். அப்புறம் மாற வேண்டிய மூன்றுக்கும் தனித்தனி டெம்ப்ளேட். பக்க எண்ணுக்கு உரியது வெறுமையாக இருந்தால் போதும், அந்த உறுப்பு வெளியீட்டில் இராது.

இது புணர்ச்சி இலக்கணம்தானே? பொன்னும் மலையும் சேர்ந்தால் பொன்மலை, இயல்பு. வாழைப்பழத்தில் ப் தோன்றுகிறது, பொற்குடத்தில் ன் திரிகிறது, மரவேரில் ம் கெடுகிறது. தலைப்பு சேர்வது தோன்றல், அடிக்குறிப்பு பெயர் மாறுவது திரிதல், பக்க எண் போவது கெடுதல். அலுவலகத்தில் கன்னடத் தோழர் ஒருவரிடம் சொன்னேன். “ஆகம, ஆதேச, லோப சந்தி, ஸ்கூலில் படித்ததுதானே” என்றார்.

எனவே எல்லாவற்றையும் படியெடுப்பது ‘இயல்புவிதி’, மற்றவை ‘திரிபுவிதி’. நன்னூலின் ‘விகாரம்’ இன்று அசிங்கம் என்ற பொருளுக்குப் போய்விட்டது. தொல்காப்பியம் மூன்று மாற்றங்களையும் சேர்த்துத் திரிபு என்றே சொல்வதால் அதை எடுத்தேன். ஒரே கணுவுக்கு இரண்டும் பொருந்தினால் முன்னுரிமை எண் தீர்த்து வைக்கும்: எந்தக் கணுவுக்கும் என்றால் −0.5, பெயர் சொன்னால் 0, நிபந்தனையும் சேர்ந்தால் 0.5. எண் கூடியதே செல்லும்.

— ஒயிட்ஃபீல்டிலிருந்து

*

தம்பி,

இயல்புவிதி அருமை. ஆனால் கால்-டெம்ப்ளேட் (call-template) என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோமே, அதை என்ன செய்வீர்கள்? அதற்கு மேட்ச் தேவையில்லை. எந்தக் கணுவையும் தேடிப் பொருந்தாது, கூப்பிட்டால் வரும். அதைப் போய் விதி என்றால் பிள்ளைகள் மறுபடி குழம்புவார்கள். பெயர் மட்டும் உள்ளதற்கு வார்ப்புருவே இருக்கட்டும், மேட்ச் இருந்தால் விதி.

இன்னொன்று. 2017இல் வந்த 3.0இல் இயல்புவிதியை எழுதவே வேண்டாம், மோட் (mode) அறிவிப்பில் ஒரு பண்பாகக் கொடுத்துவிடலாம். வகுப்புக் கணினிகளில் இருக்கும் எக்ஸ்எஸ்எல்டிபிராக் (xsltproc) என்ற நிரல் 1.0 மட்டுமே அறியும் என்பதால் நாம் எழுதித்தான் ஆக வேண்டும். பாடத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

— சிவாஜிநகரிலிருந்து

*

சரி ஐயா, இயல்புவிதி, திரிபுவிதி இரண்டையும் பட்டியலில் ஏற்றிவிட்டேன். வார்ப்புரு நீங்கள் சொன்ன இடத்தில் மட்டும். அடுத்தது மோட். ஒரே தலைப்பு பொருளடக்கத்தில் ஒரு மாதிரியும் நூலுக்குள் வேறு மாதிரியும் வர அதுதான் உதவுகிறது. இப்போதைக்குப் ‘பாங்கு’ என்று எழுதி வைத்திருக்கிறேன், யாராவது வங்கி என்று படித்துவிடுவார்களோ என்று பயம். வேறு தோன்றினால் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள்.

— அல்சூரிலிருந்து