வெப் லேபில் இன்னும் சர்வ்லெட் எதற்கு?

கடைசிபெஞ்ச்:
மூன்றாம் ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன். வெப் லேபில் முதலில் இமேஜ் மேப், அப்புறம் சர்வரில் ஓடும் ஜாவா வகைகளான சர்வ்லெட், ஜேஎஸ்பி. அத்தனை புரோகிராமையும் ரெக்கார்டு நோட்டில் கையால் எழுத வேண்டும். வேலை விளம்பரம் எதைத் திறந்தாலும் ரியாக்ட், நோட்.ஜேஎஸ் போன்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவிகளைத்தான் கேட்கிறார்கள். இந்தப் பாடத்தைத் தூக்கிவிட்டு ரியாக்டை வைத்தால் என்ன?

பழையடாம்கேட்:
வைக்கலாம் தம்பி. நாங்கள் ரியாக்ட் போன்ற இன்னொரு கருவியான ஆங்குலர்ஜேஎஸ்ஸை விழுந்து விழுந்து படித்தவர்கள். 2010ல் வந்தது. 2016ல் ஆங்குலர் 2 வந்தபோது பழைய புரோகிராம் அதில் அப்படியே ஓடவில்லை. 2021 முடிவோடு பழையதற்கு ஆதரவும் நின்றது. பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்டிடிபியின் கதை வேறு. அதற்கு ஞாபகமே கிடையாது. நீ பத்தாவது முறை போனாலும் புது ஆள்தான். அதைச் சமாளிக்கத்தான் 1994ல் நெட்ஸ்கேப் பிரவுசரில், ஆளை அடையாளம் காணச் சேமித்துவைக்கும் சிறு குறிப்பான குக்கியைக் கொண்டுவந்தார்கள். சர்வ்லெட்டில் ஒரு செஷன் (வந்த ஆளை நினைவில் வைக்கும் பகுதி) எழுதிப் பார், அந்தக் குக்கி போய்வருவது கண்ணுக்குத் தெரியும்.

கடைசிபெஞ்ச்:
ஓடினால்தானே அண்ணா தெரியும்? மேனுவலில் 'ஜாவாஎக்ஸ்' என்ற தயார்த் தொகுப்பை (பேக்கேஜ்) இம்போர்ட் செய்திருக்கிறார்கள். லேபில் சர்வ்லெட்டை ஓட்ட இருப்பது டாம்கேட் 10 சர்வர். அதில் அந்தப் பேக்கேஜின் பெயரே 'ஜகார்த்தா' என்று மாறிவிட்டது. இரண்டு வகுப்பு முழுக்க எரர். கடைசியில் மேனுவலில் இருந்த அவுட்புட்டையே ரெக்கார்டில் ஒட்டிவிட்டோம்.

லேப்டீச்சர்:
நானும் லேப் எடுப்பவள்தான். இணைப்புக் கல்லூரி என்றால் பாடத்திட்டம் பல்கலைக்கழகத்திலிருந்து வரும், நாங்கள் கைவைக்க முடியாது. தன்னாட்சிக் கல்லூரி மாற்றிக்கொள்ளலாம்.

கடைசிபெஞ்ச்:
எங்களுடையது தன்னாட்சிதான் மேடம்.

லேப்டீச்சர்:
அப்படியென்றால் சாக்குச் சொல்ல இடமில்லை. ஆனால் ரியாக்ட் வந்தாலும் கையெழுத்து ரெக்கார்டு போகாதே. அப்போது ரியாக்டில் எழுதும் ஜேஎஸ்எக்ஸைக் கையால் எழுதுவீர்கள், அவ்வளவுதான்.

பக்கெண்ட்காரன்:
புதிதாகச் சேர்ந்த ஒரு பையனின் புரோகிராமைப் பார்த்தேன். ரியாக்ட் சுத்தமாக எழுதுவான். ஆர்டர் ஃபார்மில் விலையை மறைவான ஃபீல்டில் வைத்து சர்வருக்கு அனுப்பியிருந்தான். சர்வரும் வந்த விலையை அப்படியே வாங்கிக்கொண்டது. பிரவுசரில் டெவலப்பர் டூலைத் திறந்து 1800 ரூபாயை 1 ரூபாய் ஆக்கினேன். ஆர்டர் ஏறிவிட்டது! "ஃபார்மிலேயே சரிபார்க்கும் வேலிடேஷன் இருக்கிறதே சார்" என்கிறான். பிரவுசர் வாடிக்கையாளர் கையில் இருக்கும் பொருள், அதன் பேச்சை நம்பக்கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. இதைச் சொல்லிக்கொடுக்க சர்வ்லெட்டே வேண்டும் என்பதில்லை, சர்வர் பக்கம் எழுத பிஎச்பி போதும், எக்ஸ்பிரஸ் போதும். சொன்னால் போதும்.

பழையடாம்கேட்:
சரி, சர்வ்லெட்டுக்காக நான் கொடி பிடிக்கவில்லை. லாகின் பெட்டியில் ஒற்றை மேற்கோள் குறி போட்டு டேட்டாபேஸுக்குப் போகும் எஸ்க்யூஎல் கட்டளையை உடைத்துக் காட்டும் ஒரு வகுப்பு இருந்தால், மற்றதை எதில் எழுதினாலும் சம்மதம். தம்பி, அந்த இம்போர்ட் வரிகளை ஜகார்த்தா என்று மாற்றி ஓட்டிப் பார்.

கடைசிபெஞ்ச்:
மாற்றினேன் அண்ணா, ஓடிவிட்டது. குக்கியையும் பார்த்தேன். ரெக்கார்டில் மட்டும் மேனுவலில் இருப்பது போல ஜாவாஎக்ஸ் என்றே எழுதச் சொல்லிவிட்டார்கள்.