காப்பி அடித்தால் நேரே வீடுதான்: வர்ஜீனியா மாணவர்கள் அதைக் கைவிட்டது சரியா?

கடைசிபெஞ்ச்:
அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 1842-இல் இருந்து ஒரு வழக்கம் உண்டு. தேர்வு எழுதி முடித்ததும், யாரிடமும் உதவி வாங்கவில்லை என்று தாளிலேயே உறுதி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பொய், காப்பி, திருட்டு எதில் மாட்டினாலும் விசாரிப்பதும் மாணவர்கள், தீர்ப்புச் சொல்வதும் மாணவர்கள். தண்டனை நெடுங்காலம் ஒன்றே ஒன்றுதான், நிரந்தர நீக்கம். 2022-இல் அதே மாணவர்கள் 80 சதவீதத்துக்கு மேல் வாக்களித்து, இரண்டு செமஸ்டர் வெளியே இருந்துவிட்டு வந்தால் போதும் என்று ஆக்கிவிட்டார்கள். அடுத்த ஆண்டு அதுவும் போய், குற்றத்துக்கு ஏற்ற தண்டனை என்றானது. பயமே போய்விட்டதே!

மழைக்காகம்:
பயம் யாருக்கு இருந்தது என்று பாருங்கள். ஜூரியில் உட்கார்ந்த பிள்ளைகளுக்குத்தான். காப்பி அடித்தானா, தெரிந்தே செய்தானா என்பதோடு, நீக்கும் அளவுக்குப் பெரிய குற்றமா என்றும் அவர்கள் பார்க்க வேண்டும். எதிரே இருப்பவன் நாளைக்கே மூட்டை கட்ட வேண்டும் என்று தெரிந்தால் இருபது வயதுப் பையன் என்ன செய்வான்? "அவ்வளவு பெரிய தப்பில்லை" என்று விட்டுவிடத்தான் தோன்றும்.

கடைசிபெஞ்ச்:
தோன்றினால் 2001 எப்படி நடந்தது? இயற்பியல் பேராசிரியர் லூயிஸ் ப்ளூம்ஃபீல்டிடம் ஒரு மாணவி வந்து, மற்றவர்கள் பழைய கட்டுரையைத் திருப்பிக் கொடுத்து மார்க் வாங்குகிறார்கள் என்று சொன்னாராம். அவர் தானே ஒரு புரோகிராம் எழுதி, அடுத்தடுத்து ஆறு வார்த்தைகள் ஒத்துப்போகும் இடங்களையெல்லாம் தேடினார். முதல் சல்லடையிலேயே 122 பேர். அத்தனை வழக்கையும் மாணவர்கள்தான் விசாரித்தார்கள், பலரை வெளியேயும் அனுப்பினார்கள்.

மழைக்காகம்:
நீங்கள் சொன்னதிலேயே என் பதில் இருக்கிறது, நண்பரே. நேரே வீடு என்ற விதி இருக்கும்போதே 122 பேர்! மிரட்டல் யாரைத் தடுத்தது? பிடித்துக் கொடுத்தது புரோகிராம்.

நெல்லிக்காய்:
இடையில் ஒன்று. 2013-இலேயே ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். புகார் வந்த பிறகு ஒப்புக்கொண்டால் இரண்டு செமஸ்டர் விலகியிருந்துவிட்டுத் திரும்பலாம். இதில் என்ன வேடிக்கை என்றால், உண்மையாகவே தப்பு செய்யாதவன் வழக்காடித் தோற்றால் நிரந்தரமாகப் போவான், செய்தவன் தலையாட்டிவிட்டால் ஒரு வருடத்தில் வந்துவிடுவான். நிரபராதிகூடப் பயந்து ஒப்புக்கொள்ளலாம் அல்லவா? எனக்கு அந்த இடம்தான் உறுத்துகிறது, 2022 இல்லை.

கடைசிபெஞ்ச்:
சரி, அது நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு அந்த ஜன்னலைச் சாத்தியிருக்கலாம், வீட்டையே இடித்திருக்க வேண்டாம். என்ன தண்டனை கிடைக்கும் என்று கணக்குப் போட இடம் கொடுத்துவிட்டால், காப்பி அடிப்பதற்கு முன்பே ஒருவன் கணக்குப் போடுவான்.

மழைக்காகம்:
முன்பும் போட்டான். மாட்டுவேனா இல்லையா என்று.